கரண்ட் போனா சோலாரும் ஏன் போகுது?

ட்ரிபிள் ஈ படிச்சாலும் சரி, சிவில் படிச்சாலும் சரி. இன்ஜினியரிங் காலேஜ்னு சொல்லிட்டீங்கன்னா சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல இந்தக் கேள்வி வந்தே தீரும்: "தம்பி, மாடியில சோலார் போடலாம்னு இருக்கோம். எத்தனை கிலோவாட் போடலாம்? பேட்டரி வேணுமா?"

உடனே ஒரு நம்பரைச் சொல்லிடாதீங்க. முதல்ல நீங்க ஒண்ணு கேளுங்க: "மாமா, பில்லு குறையணுமா, இல்ல கரண்ட் போறப்போ ஃபேன் ஓடணுமா?" இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் வாங்க வேண்டிய பொருள் வேறு, வயரிங் வேறு, ஆகிற செலவும் வேறு. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் போட்ட வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? மே மாசம், மத்தியானம் 12 மணி. மாடியில் 3 கிலோவாட் பேனல் வெயிலில் தகதகன்னு காயுது. தெரு ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் போகுது. வீட்ல ஃபேனும் நின்னுடுது. "ஏமாத்திட்டாங்கப்பா" என்று அவர் கம்பெனிக்காரனைத் திட்டுவார். உண்மையில் அந்த இன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

ஏன் என்று பார்ப்போம். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக ஒரு 230 வோல்ட்டை உருவாக்குவதில்லை. லைனில் ஏற்கெனவே இருக்கிற 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்து, அதே தாளத்தில் கரண்ட்டை உள்ளே தள்ளுகிறது. பஜனையில் பின்பாட்டு பாடுகிறவர் மாதிரி. முன்பாட்டு நின்றால் பின்பாட்டும் நிற்க வேண்டும். நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. அதற்கு மேல் பக்கம், கீழ் பக்கம் என்ற பேதம் தெரியாது. கீழ்ப் பக்கம் வோல்ட்டேஜ் கொடுத்தால் மேல்ப் பக்கம் அதை ஏற்றிக் கொடுக்கும். செகண்ட் இயர் மெஷின்ஸ் லேபில் பார்த்த அதே டர்ன்ஸ் ரேஷியோதான். ஆக, லைனை ஆஃப் பண்ணிட்டு கம்பத்துல ஏறியிருக்கிற லைன்மேன் கையில், உங்க மாடியிலிருந்து போன கரண்ட் 11,000 வோல்ட்டாக நிற்கக்கூடும். இதைத் தடுக்கத்தான் 'ஆன்டி-ஐலேண்டிங்' என்ற பாதுகாப்பு. கிரிட் போனதும் 2 விநாடிக்குள் இன்வெர்ட்டர் கரண்ட் தள்ளுவதை நிறுத்தியாக வேண்டும் என்பது ஐ.ட்ரிபிள்.ஈ. 1547 தரநிலையின் விதி.

இதில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. தெருவில் அந்த நேரத்து லோடும் சோலார் உற்பத்தியும் சமமாக இருந்தால், கிரிட் போனதே இன்வெர்ட்டருக்குத் தெரியாமல் போகலாம். வோல்ட்டேஜும் ஃப்ரீக்வென்சியும் அப்படியே நிற்கும். அதனால் நல்ல இன்வெர்ட்டர் சும்மா பார்த்துக்கொண்டு இருக்காது. ஃப்ரீக்வென்சியை அப்பப்போ லேசாக இடித்துப் பார்க்கும். கிரிட் இருந்தால் மலை மாதிரி அசையாமல் நிற்கும். கிரிட் இல்லையென்றால் இடித்த பக்கம் நகரும். நகர்ந்ததா, ஆஃப்! ப்ராஜெக்ட் தேடுற பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆளுங்க இதை மேட்லேப்ல செஞ்சு பாக்கலாம், அருமையான தலைப்பு.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவை அடித்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் போன மறுநாள் வெயில் அடித்திருந்தாலும், ஆன்-கிரிட் மட்டும் வைத்திருக்கிற வீட்டுக்கு அந்த வெயிலால் ஒரு பல்பு எரியாது. நெபுலைசர் வைக்கிற தாத்தா இருக்கிற வீட்டுக்கு, இன்சுலின் வைத்திருக்கிற ஃப்ரிட்ஜுக்கு இது பெரிய விஷயம். அவங்களுக்குத் தேவை ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும். கிரிட் போனதும் ஹைப்ரிட் முதலில் தெரு லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துவிடும். பிறகு தானே முன்பாட்டுக்காரனாகி, 'பேக்கப்' என்று தனியாக எடுத்த லைனுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். லைன்மேனும் பத்திரம், தாத்தாவும் பத்திரம்.

பில்லுக்கு வருவோம்

நெட் மீட்டர் இருந்தால், பகலில் நீங்க கிரிட்டுக்கு அனுப்புற யூனிட்டை, ராத்திரி எடுக்கிற யூனிட்டிலிருந்து கழித்துவிடுவார்கள். கணக்குக்கு கிரிட்டே உங்களுடைய பேட்டரி. அதனால் பில்லைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பேட்டரி ஒரு ரூபாய்கூட மிச்சம் பண்ணாது. சார்ஜ் ஆகி இறங்குவதில் போகிற நஷ்டம்தான் மிச்சம். பேட்டரியை இன்ஷூரன்ஸ் மாதிரிதான் பார்க்கணும். லாபக் கணக்கில் சேர்த்துச் சொல்கிற சேல்ஸ்மேனிடம் கொஞ்சம் உஷாரா இருங்க.

எத்தனை கிலோவாட்? தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியாக நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாச பில்லுக்கு 240 யூனிட். இப்போ ஒரு வீடு இரண்டு மாசத்துக்கு 750 யூனிட் எடுக்குதுன்னு வைங்க. 2024 ஜூலை கட்டணத்தில் 601 முதல் 800 வரை யூனிட்டுக்கு ரூ.9.65, 501 முதல் 600 வரை ரூ.8.55, 400 வரை ரூ.4.80, முதல் 100 இலவசம். முதல் கிலோவாட் போட்டதும் 750 என்பது 510 ஆகிறது. மேல் ஸ்லாபில் 150 யூனிட், அதற்குக் கீழே 90 யூனிட் குறைகிறது. மிச்சம் ரூ.2,200-க்கு மேல். இரண்டாவது கிலோவாட்டில் 270 யூனிட்டுக்கு வருகிறோம். மூன்றாவது கிலோவாட் 270-ஐ 30 ஆக்கும். ஆனால் கடைசி 100 ஏற்கெனவே ஓசிதானே! 170 யூனிட்டுக்குத்தான் பலன், ரூ.820-ஐத் தாண்டாது. அதே பேனல், அதே வெயில், ஆனால் முதல் கிலோவாட்டின் மதிப்பு மூன்றாவதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியமும் இதே சாய்வில்தான் இருக்கிறது. முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு ரூ.30,000. மூன்றாவதுக்கு ரூ.18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மொத்தம் ரூ.78,000தான். பேனல் உள்நாட்டு செல்லில் செய்ததாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது. இரண்டு மாசத்துக்கு 200 யூனிட்கூட எடுக்காத வீட்டில் வந்து சோலார் போடலாமான்னு கேட்டா, பில்லுக்காகன்னா வேண்டாம்னு தைரியமா சொல்லுங்க. கட்டணமும் நெட் மீட்டர் விதியும் மாறிக்கொண்டே இருப்பதால், செக்ஷன் ஆபீஸில் கேட்டுவிட்டு இதே கணக்கை அன்றைய ரேட்டில் மறுபடி போடுங்க.

பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி ஃபேனை மாத்துங்க

ராத்திரி 6 மணி நேரம் கரண்ட் இல்லை என்று வைப்போம். சாதாரண சீலிங் ஃபேன் 3, ஆளுக்கு 75 வாட், ஆக 225. எல்.இ.டி. பல்பு 5, மொத்தம் 45. வைஃபை ரவுட்டர் 10, லேப்டாப் 60, போன் சார்ஜர்கள் 20. கூட்டினா 360 வாட். 6 மணி நேரத்துக்கு 2,160 வாட்-ஹவர். சின்ன ஃப்ரிட்ஜுக்கு ஒரு 300 சேர்த்துக்கோங்க. இன்வெர்ட்டரில் 10 சதவீதம் போகும். ஆக, பேட்டரி கொடுக்க வேண்டியது சுமார் 2.7 யூனிட்.

கடையில் விற்கிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் ட்யூபுலர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். கணக்குக்கு 0.9 யூனிட்தான். அப்போ மூணு போதாது. 24 வோல்ட் சிஸ்டத்தில் ஜோடி ஜோடியாகத்தான் போட முடியும் என்பதால் நாலு பேட்டரி. இப்போ மூணு ஃபேனையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாத்துங்க. லோடு 225 வாட் ஆகிறது. ஃப்ரிட்ஜ், நஷ்டம் எல்லாம் சேர்த்து 1.8 யூனிட். இரண்டு பேட்டரி போதும்! மூணு ஃபேன் விலையையும் இரண்டு பேட்டரி விலையையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்க. பேட்டரி சில வருஷத்துல மறுபடி வாங்கணும் என்பதையும் சேர்த்துக்கோங்க.

லித்தியம் என்றால் வீட்டுக்கு எல்.எஃப்.பி. ரகத்தைக் கேளுங்க. அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பெட்டியில் 5.12 யூனிட் இருக்கும், 80 சதவீதம் வரை தாராளமா எடுக்கலாம். சில ஆயிரம் சைக்கிள் தாங்கும். போன் பேட்டரிகளில் இருக்கிற கோபால்ட் ரகத்தைவிட இது சூட்டில் தீப்பிடிக்கிற ஆபத்து குறைவு, ஏனென்றால் பாஸ்பேட்டில் ஆக்ஸிஜன் இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. இதைப் பற்றிய 1997-ஆம் வருஷ ஆய்வுக் கட்டுரையில் ஜான் குட்எனஃப் பெயரோடு பாதி, நஞ்சுண்டசுவாமி என்ற இரண்டு இந்தியப் பெயர்களும் இருக்கின்றன. குட்எனஃபுக்கு 2019-ல் நோபல் கிடைத்தது, அப்போ அவருக்கு 97 வயசு. அரியர் வெச்சிருக்கவங்க மனசைத் தேத்திக்கலாம். எந்த ரகமானாலும் பேட்டரியை மாடியில், தகர ஷெட்டுக்குள் வைக்காதீங்க. சூடு அதன் ஆயுசைத் தின்னும்.

போர்வெல் மோட்டாரை பேக்கப் லைனில் கொடுக்கச் சொல்லி வீட்ல கேப்பாங்க. 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது எடுப்பது 1 கிலோவாட் சொச்சம்தான். ஆனால் கிளம்புற நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், 3 கிலோவாட் இன்வெர்ட்டர் பொசுக்குனு ட்ரிப் ஆகிடும். பகலில் கரண்ட் இருக்கும்போதே டேங்க்கை நிரப்பி வைப்பதுதான் வழி. 1,000 லிட்டரை 10 மீட்டர் உயரத்தில் வைத்தால் அதில் இருப்பது வெறும் 27 வாட்-ஹவர்தான், போட்டுப் பாருங்க. ஆனால் குளிக்கத் தண்ணி இருக்கு இல்ல?

மாடிக்கு ஏறுங்க

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 'நிழலில்லாத' என்பதை அடிக்கோடு போடுங்க. பேனலுக்குள் செல்கள் சீரீஸில் இருக்கின்றன. ஒரு செல் மேல் தென்னை ஓலை நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுக்கத் தடைபடும். பைபாஸ் டயோடு அந்த வரிசையைத் தாண்டிவிடும், ஆனால் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அதனால் காலை 9, மத்தியானம், சாயங்காலம் 4 என மூணு தடவை மாடி ஏறி, தண்ணி டேங்க் நிழல் எங்கே விழுதுன்னு சாக்பீஸில் கோடு போட்டு வைங்க. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்த நிழல் இன்னும் நீளும். சூடும் பேனலுக்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். மே மாதம் செல் 65 டிகிரிக்குப் போனால் 540 வாட் பேனல் 464 வாட்தான்.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களே, இது உங்க ஏரியா. 540 வாட் பேனல் சுமார் 2.58 சதுர மீட்டர், எடை 28 கிலோ. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றின் அழுத்தம் சுமார் 667 பாஸ்கல். குணகத்தை 1 என்று வைத்தால் ஒரு பேனலில் 1,720 நியூட்டன், அதாவது 175 கிலோ எடைக்குச் சமமான விசை. ஆறு பேனலுக்கு ஒரு டன்னுக்கு மேல்! அதை நாலு செங்கல்லும் கட்டுக்கம்பியும் பிடிச்சு நிறுத்தாது. கடலோர ஊர் என்றால் ஆங்கர் போல்ட் எத்தனை, ஸ்லாபுக்குள் எவ்வளவு ஆழம் போகுது, கம்பிக்கு கால்வனைசிங் இருக்கா என்று கேட்காமல் விடாதீங்க.

இன்னொன்று. ஆறு பேனலை சீரீஸில் சேர்த்தால் கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி. ஏசி விநாடிக்கு 100 தடவை சுழிக்கு வருவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அந்தச் சுழி இல்லை, ஆர்க் பிடித்தால் நின்று எரியும். வெயில் இருக்கும் வரை பேனலை 'ஆஃப்' பண்ணவும் முடியாது. லோடில் இருக்கும்போது கனெக்டரைக் கழற்றக் கூடாது, டிசி ஐசோலேட்டருக்குப் பதிலா ஏசி எம்.சி.பி. போட்டிருந்தா ஒத்துக்கவே கூடாது.

வேலை முடிஞ்சு கடைசி தவணைப் பணம் கேட்டு வருவாங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி, வெயில் நல்லா அடிக்கிற நேரத்துல, அவங்க முன்னாடியே கிரிட் பக்கத்து மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஆன்-கிரிட் என்றால் இன்வெர்ட்டர் உடனே நிற்க வேண்டும். ஹைப்ரிட் என்றால் பேக்கப் லைனில் ஃபேன் ஓடணும், இன்வெர்ட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்குத் திரும்பப் போகிற லைனில் வோல்ட்டேஜ் பூஜ்யமாக இருக்கணும். அதை டெஸ்டர் வெச்சு அவங்களையே காட்டச் சொல்லுங்க.