சாரணர் சொற்களை விளங்கிக்கொள்ளல்



2012 ஏப்ரலில் மட்டக்களப்பு நகரில் சில சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. மகாத்மா காந்தி, சுவாமி விபுலாநந்தர், புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை ஆகியோரின் சிலைகளோடு பேடன் பவல் பிரபுவின் சிலையும் அவற்றுள் ஒன்று. முதல் மூவரையும் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நான்காமவர் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். இவரே சாரணர் இயக்கத்தின் தாபகர்.

சாரணியம் பற்றிப் பொது அறிவு வினாவோ கட்டுரைத் தலைப்போ வந்தால் விடையளிக்க இப்பாடம் உதவும். பாடசாலையில் புதிதாகச் சாரணர் குழுவில் சேர்ந்தவர்களுக்கும் இது பயன்படும். சாரணர் இல்லாத சிறிய பாடசாலையிலிருந்து நகரப் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு முதல் நாளில் 'ட்றூப்', 'பற்றோல்', 'வோகிள்' என்னும் சொற்கள் மலைப்பைத் தரும். சிலர் இதனாலேயே இரண்டாம் வாரம் வராமல் நின்றுவிடுகின்றனர். அவர்கள் நிற்பது வேலை கடினம் என்பதால் அல்ல, சொல் விளங்காததால். ஆகவே ஒரு வழியை மனதிற் கொள்ளுங்கள். ஒவ்வொரு சாரணர் சொல்லுக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கின்றது. 'இச்சொல்லைக் கேட்டால் சாரணர் என்ன செய்வார்?' என்று கேளுங்கள். பொருள் தானாக விளங்கும்.

1. 'சாரணர்' என்னும் சொல்

'சாரணர்' தமிழுக்குப் புதிய சொல் அன்று. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் வழியில் சமண முனிவராகிய சாரணரைக் காண்கின்றனர். இடம் விட்டு இடம் செல்பவர் என்பது இதன் அடிப்படைப் பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்கவுட்' என்ற சொல்லோ 'செவிமடுத்தல்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. படைக்கு முன்னே சென்று பார்த்தும் கேட்டும் செய்தி கொண்டுவருபவரை அது குறித்தது. ஒரு மொழி காலை வைத்தும் மற்றைய மொழி காதை வைத்தும் பெயரிட்டன. நடப்பதும் அவதானிப்பதும் சாரணரின் முதல் இரு வேலைகள் என்பதை இவ்விரு சொற்களும் சேர்ந்து காட்டுகின்றன.

2. இயக்கத்தின் தோற்றம்

பேடன் பவல் 1857 பெப்ரவரி 22இல் இலண்டனில் பிறந்தவர். பிரித்தானியப் படை அதிகாரி. தென்னாபிரிக்காவில் மெஃபெக்கிங் நகரம் 1899 – 1900 காலத்தில் 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டபோது அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கு சிறுவர்கள் செய்தி கொண்டு செல்லும் பணியை நம்பிக்கையுடன் செய்தனர். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவர்களும் நிறைவேற்றுவர் என்பதை அவர் கண்டார்.

1907 ஓகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறக்குறைய 20 சிறுவர்களுடன் பரீட்சார்த்தப் பாசறை ஒன்றை நடத்தினார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகத் தங்கினர். 1908இல் சிறுவர்களுக்கான சாரணர் கைந்நூல் வெளிவந்தது. 1910இல் பெண்களுக்கான இயக்கம் தோன்றியது. 1920இல் இலண்டனில் முதலாவது உலக ஜம்போறி நடைபெற்றது. பேடன் பவல் 1941 ஜனவரி 8இல் கென்யாவில் காலமானார்.

இலங்கையில் 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் பாடசாலையில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவரால் சாரணியம் ஆரம்பிக்கப்பட்டது. பெண் சாரணியம் 1917இல் கண்டியில் ஆரம்பமானது.

3. படைச் சொற்களா?

பாசறை, அணி, துருப்பு, சல்யூட் ஆகிய சொற்களைக் கேட்டதும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தயங்கலாம். போரில் பிள்ளைகளை இழந்த பிரதேசம் எங்களுடையது. அந்தத் தயக்கம் இயல்பானது. அதை எள்ளி நகையாட வேண்டாம். விளக்கம் சொல்லுங்கள்.

இச்சொற்கள் படையிலிருந்து வந்தவை என்பது உண்மையே. தாபகர் படை அதிகாரி ஆகையால் தமக்குத் தெரிந்த சொற்களை எடுத்தார். ஆனால் அவற்றின் வேலை மாறிவிட்டது. படைவீரரின் பாசறை போருக்கு முன் தங்குமிடம். சாரணரின் பாசறை கூடாரம் அடித்து, சமைத்து, துப்புரவு செய்து, கூடி வாழப் பழகுமிடம். சாரணர் ஆயுதம் ஏந்துவதில்லை. சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம். பிள்ளை பெற்றோரின் சம்மதத்துடனேயே சேர வேண்டும். சொல் பழையது, செயல் புதியது என்பதே இப்பகுதியின் சாரம்.

4. அமைப்பைக் குறிக்கும் சொற்கள்

குருளைச் சாரணர்: ஆரம்பப் பிரிவுச் சிறுவர். 'குருளை' என்பது விலங்கின் இளமைப் பெயர். தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிகளை இப்பெயரால் குறிக்கின்றது. இப்பிரிவு 1916இல் 'ஓநாய்க்குட்டிகள்' என்ற பெயருடன் தொடங்கியது. அதன் சொற்கள் பல ருட்யார்ட் கிப்ளிங்கின் காட்டுக் கதை நூலிலிருந்து பெறப்பட்டவை. குருளையரின் தலைவரை 'அகேலா' என அழைப்பதும் அவ்வாறே.

அணி: பேச்சு வழக்கில் 'பற்றோல்'. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழு. தலைவரும் உதவித் தலைவரும் மாணவர்களே. பிரவுன்சீயில் ஓநாய், காளை, அண்டங்காக்கை, கேர்லியூ என்னும் நீர்க்கரைப் பறவை ஆகியவற்றின் பெயரில் நான்கு அணிகள் இருந்தன. மட்டக்களப்பு வாவிக்கரை அணி ஒன்று கொக்கு, மீன்கொத்தி எனப் பெயர் வைத்தாலும் அது மரபுக்கு உட்பட்டதே.

துருப்பு: பேச்சு வழக்கில் 'ட்றூப்'. பல அணிகள் சேர்ந்தது. சாரண ஆசிரியர் இதனை வழிநடத்துவார்.

திரிசாரணர்: 'றோவர்' எனப்படும் இளைஞர் பிரிவு. 'திரி' என்பது இங்கு மூன்று அன்று. திரிதல், அதாவது ஊர் ஊராகச் செல்லல். பரீட்சையில் பலர் தவறவிடும் இடம் இது.

ஆணையாளர்: மாவட்டத்திற்கு மாவட்ட ஆணையாளரும் நாட்டிற்குப் பிரதம ஆணையாளரும் உள்ளனர்.

5. அடையாளத்தைக் குறிக்கும் சொற்கள்

மூவிரல் வணக்கம்: மூன்று விரல்களும் வாக்குறுதியின் மூன்று பகுதிகளைக் குறிக்கும். சமயத்திற்கும் நாட்டிற்கும் கடமை செய்தல், பிறருக்கு உதவுதல், சாரணர் சட்டத்திற்கு அமைந்து நடத்தல் என்பனவே அவை.

இடக்கைக் குலுக்கல்: இடக்கை கேடயம் பிடிக்கும் கை, அதை நீட்டுபவர் தன் காப்பைக் கீழே வைத்து எதிரில் நிற்பவரை நம்புகிறார் என விளக்கம் கூறப்படுவதுண்டு.

ஸ்காஃப், வோகிள்: கழுத்தில் அணியும் துணி ஸ்காஃப். அதை இறுக்கிப் பிடிக்கும் வளையம் வோகிள். இத்துணி அழகுக்கு மட்டுமன்று. கை முறிந்தவருக்கு ஏந்துதொட்டிலாகவும் காயத்திற்குக் கட்டாகவும் உதவும்.

லில்லிப் பூச் சின்னம்: பழைய வரைபடங்களில் வடக்கைக் காட்டப் பயன்பட்ட குறி. சரியான திசையைக் காட்டுபவர் என்பது கருத்து.

சின்னஞ்சூட்டல்: வாக்குறுதி எடுத்து முறையாகச் சாரணராகும் வைபவம்.

ஜனாதிபதி சாரணர் விருது: இலங்கைச் சாரணர் பெறும் அதியுயர் விருது. இங்கு மன்னராட்சிக் காலத்தில் இது அரசர் அல்லது அரசியார் பெயரால் வழங்கியது. நாடு 1972இல் குடியரசானதன் பின்னரே 'ஜனாதிபதி' என்னும் சொல் இதிற் சேர்ந்தது.

தருச்சின்னம்: பயிற்சி முடித்த சாரண ஆசிரியர் தோல்நாடாவிற் கோத்து அணியும் மரமணிகள். தரு என்றால் மரம்.

6. செயலைக் குறிக்கும் சொற்கள்

ஆயத்தமாயிரு: சாரணரின் மகுட வாக்கியம். 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட எமக்கு இச்சொல்லின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. முதலுதவி தெரிந்திருத்தல், நீந்தத் தெரிந்திருத்தல், உயரமான இடத்திற்குச் செல்லும் வழியை அறிந்திருத்தல் என்பன ஆயத்தம்.

நற்செயல்: கைம்மாறு கருதாது நாள்தோறும் செய்யும் ஓர் உதவி.

சாரணர் வேலை வாரம்: சாரணர் வீடு வீடாகச் சென்று சிறு வேலை செய்து பணம் பெறும் வாரம். முன்னர் 'சிப் எ ஜொப்' எனப்பட்டது. 'சிப்' என்பது ரூபாவைக் குறித்த பேச்சுச் சொல். வேலை செய்யாமல் பணம் கேட்பது இவ்வாரத்தின் நோக்கத்திற்கு மாறானது.

கம்போறி, ஜம்போறி: பல குழுக்கள் கூடும் பாசறை கம்போறி. தேசிய அல்லது உலக மட்டத்தில் நடைபெறும் பெரும் பாசறை ஜம்போறி. தேசிய ஜம்போறி 2016இல் யாழ்ப்பாணத்திலும் 2024இல் திருகோணமலையிலும் நடைபெற்றது.

தீப்பாசறை: இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து பாடலும் நாடகமும் நிகழ்த்துதல்.

முடிச்சுகள்: புதியவர்கள் மிகவும் அஞ்சும் பகுதி. உண்மையில் வாவிக்கரைப் பிள்ளைகள் இதில் முன்னணியில் உள்ளவர்கள். 'ஷீட் பென்ட்' என்னும் முடிச்சும் வலையின் கண்களைக் கட்டும் முடிச்சும் அமைப்பில் ஒன்றே. 'குளோவ் ஹிட்ச்' என்பது கம்பைச் சுற்றிப் போடுவது. தோணியைக் கட்டுத்தறியில் கட்ட உதவும். 'போலைன்' இறுகாத வளையம்; நீரில் விழுந்தவரின் உடலை இறுக்காமல் இழுத்தெடுக்க உதவும். வலை பின்னும் தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். பெயரை அவர் அறியாதிருக்கலாம், முடிச்சை அறிவார்.

திசையறிதல்: எழுவான்கரை, படுவான்கரை என்று நாம் சொல்வது சூரியன் எழும் பக்கத்தையும் படும் பக்கத்தையும் வைத்தே. திசைகாட்டி இல்லாதபோது சாரணர் திசை காண்பதும் இவ்வாறுதான். காலையில் எழுவானை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு.

7. மாதிரி வினா விடை

வினா 1: 'திரிசாரணர்' என்னும் சொல்லில் 'திரி' குறிப்பது யாது?
விடை: திரிதல், அதாவது இடம் விட்டு இடம் செல்லல்.

வினா 2: மூவிரல் வணக்கம் உணர்த்துவது யாது?
விடை: வாக்குறுதியின் மூன்று பகுதிகள். (மூன்றையும் தனித்தனியே எழுதுக.)

வினா 3: சாரணர் பாசறை படைப் பாசறையினின்று வேறுபடுமாற்றை விளக்குக.
விடைக் குறிப்பு: நோக்கம், ஆயுதமின்மை, விருப்பின்பேரில் சேர்தல், மாணவர் தலைமைத்துவம் என்னும் நான்கு தலைப்புகளில் எழுதுக. ஒவ்வொன்றிற்கும் ஓர் உதாரணம் தருக.

நினைவிற் கொள்க: சொல்லை மட்டும் மனனம் செய்தவர் வினாத்தாளில் சொல் மாறி வந்தால் தடுமாறுவார். செயலை அறிந்தவர் தன் சொல்லிலேயே விடை எழுதுவார்.

பயிற்சி: மேலே தந்த சொற்களுள் ஐந்தைத் தெரிவு செய்க. ஒவ்வொன்றும் குறிக்கும் வேலையை ஒரு வாக்கியத்தில் எழுதுக. அவ்வேலையை உங்கள் ஊரில் யார், எதற்காகச் செய்கிறார் என இரண்டாவது வாக்கியத்தில் எழுதுக. முடிச்சொன்றைத் தெரிவு செய்தவர் அதைக் கயிற்றில் கட்டியும் காட்டுக.