லினக்ஸ் பாடம்: பேக்கேஜ்களுக்கு நாமே டெஸ்ட் எழுதுவோம்

வைகை அணைப் பகுதியில் இருக்கும் என் போன்றவர்களுக்கு மூன்று எண்கள் மனப்பாடம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. அன்று பணியில் யார் இருந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. எண் வந்துவிட்டால் தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்குத் தகவல் போகும்.

லினக்ஸ் உலகிலும் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் ஆட்டோமேட்டிக் டெஸ்ட், அதாவது தானியங்கிச் சோதனை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் "இது புரோகிராமர்கள் வேலை" என்று ஒதுங்கிவிட வேண்டாம். இரண்டே வரியில் ஒரு டெஸ்ட் எழுத முடியும். அதைத் தமிழ் ஃபாண்ட் ஒன்றை வைத்தே இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பேக்கேஜ், டெஸ்ட் - என்ன இவை?

லினக்ஸில் ஒவ்வொரு சாப்ட்வேரும் ஒரு பேக்கேஜாக வருகிறது. பிரவுசர் ஒரு பேக்கேஜ், ஃபாண்ட் ஒரு பேக்கேஜ். டெபியன் லினக்ஸில் இப்படிப் பல்லாயிரம் பேக்கேஜ்கள் உள்ளன. உபுண்டு டெபியனிலிருந்து உருவானது. சி-டாக் நிறுவனம் தயாரிக்கும் நம் நாட்டு பாஸ் லினக்ஸும் அப்படித்தான். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். எனவே இது உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்திருக்கக்கூடிய பொருள்தான்.

ஒரு பேக்கேஜ் மாறினால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் பாதிக்கப்படலாம். ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை யாரும் தினமும் திறந்து பார்த்துக் கொண்டிருக்க முடியாது. அதனால் பேக்கேஜுடனேயே ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்து விடுகிறார்கள். பேக்கேஜை இன்ஸ்டால் செய்த பிறகு கம்ப்யூட்டரே அதை இயக்கும். வேலை சரியாக நடந்தால் 0 என்ற எண்ணைத் திருப்பித் தரும். வேறு எண் வந்தால் தோல்வி. டெஸ்ட் என்பது இவ்வளவுதான்.

தேவையானவை

டெபியன் அல்லது உபுண்டுவின் புதிய பதிப்பு உள்ள கம்ப்யூட்டர், இன்டர்நெட் இணைப்பு, டெர்மினல் விண்டோ. பழைய லேப்டாப்பில் உள்ள பழைய பாஸ் பதிப்பு இதற்கு வேண்டாம்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தமிழில் தருகிறேன். டைப் செய்யும்போது, வேறு மாதிரி சொல்லாத இடங்களில், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யுங்கள். நமக்கு வேண்டிய கருவியின் பெயர் ஆட்டோபிகேஜிடெஸ்ட். இதில் "பிகேஜி" என்பது மூன்று தனி எழுத்துகள். பெயரின் நடுவில் இடைவெளி கிடையாது.

1. டெர்மினலைத் திறந்து "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆட்டோபிகேஜிடெஸ்ட்" என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். இதே முறையில் "டிபிகேஜி-டெவ்" என்ற பேக்கேஜையும் இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. சோர்ஸ் கோடை டவுன்லோட் செய்ய அனுமதி வேண்டும். உபுண்டுவில் "சாப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்" விண்டோவில் "சோர்ஸ் கோட்" என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். பிறகு "சூடோ ஆப்ட் அப்டேட்" கொடுங்கள்.

3. "ஆப்ட் சோர்ஸ் ஃபாண்ட்ஸ்-லோஹித்-டாம்ல்" என்று கொடுங்கள். கடைசிச் சொல் டி, ஏ, எம், எல் என்ற நான்கு எழுத்துகள். லோஹித் ஃபாண்ட்களை ரெட்ஹாட் நிறுவனம் 2004-ல் இலவசமாக வெளியிட்டது. முதலில் வந்த மொழிகளில் தமிழும் ஒன்று.

இப்போது அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கும். அதற்குள் "டெபியன்" என்ற ஃபோல்டரைத் திறந்து, "டெஸ்ட்ஸ்" என்ற ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே இருப்பதை முதலில் படித்துவிடுங்கள். மற்றவர் எழுதிய டெஸ்டைப் படிப்பதைவிட நல்ல பாடம் இல்லை. இல்லாவிட்டால் நாமே உருவாக்கலாம்.

இரண்டு ஃபைல்கள்

"டெஸ்ட்ஸ்" ஃபோல்டருக்குள் இரண்டு ஃபைல்கள் வேண்டும். டெக்ஸ்ட் எடிட்டரில் டைப் செய்து சேமித்தால் போதும்.

முதல் ஃபைலின் பெயர் "கண்ட்ரோல்". எந்த டெஸ்டை இயக்க வேண்டும், அதற்கு என்னென்ன வேண்டும் என்று சொல்வது இது. இதில் இரண்டு வரிகள். வரியின் முதல் சொல் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்.

டெஸ்ட்ஸ்: தமிழ்-ஃபாண்ட்
டிபெண்ட்ஸ்: @, ஃபாண்ட்கான்ஃபிக்

"@" என்ற குறிக்கு "இந்தச் சோர்ஸிலிருந்து வரும் எல்லாப் பேக்கேஜ்களும்" என்று பொருள். ஃபாண்ட்கான்ஃபிக் என்பது லினக்ஸில் ஃபாண்ட்களைத் தேடித் தரும் பேக்கேஜ்.

இரண்டாவது ஃபைலின் பெயர் "தமிழ்-ஃபாண்ட்". இதையும் ஆங்கில எழுத்துகளில்தான் வைக்க வேண்டும். கண்ட்ரோல் ஃபைலில் எழுதிய பெயரும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இதிலும் இரண்டே வரிகள்.

#!/பின்/எஸ்ஹெச்
எஃப்சி-லிஸ்ட் :லேங்=டிஏ ஃபேமிலி | கிரெப் -கியூஎக்ஸ் "லோஹித் தமிழ்"

இரண்டாவது வரியின் பொருள்: "தமிழைக் காட்டக்கூடிய ஃபாண்ட்களின் பெயர்களைப் பட்டியலிடு, அதில் லோஹித் தமிழ் என்று ஒரு முழு வரி இருக்கிறதா பார்." கடைசி இரு சொற்களையும் ஆங்கிலத்தில், முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக டைப் செய்யுங்கள்.

"முழு வரி" என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "லோஹித் தமிழ் கிளாசிக்கல்" என்று இன்னொரு ஃபாண்ட் வேறு பேக்கேஜில் இருக்கிறது. கிரெப் கட்டளையில் "எக்ஸ்" என்ற எழுத்தை விட்டுவிட்டால், நம் ஃபாண்ட் காணாமல் போனாலும் அந்த இன்னொரு ஃபாண்டின் பெயரைப் பார்த்துவிட்டு டெஸ்ட் "சரி" என்று சொல்லிவிடும்.

இயக்கிப் பார்ப்போம்

முதலில் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபாண்ட்ஸ்-லோஹித்-டாம்ல்" என்று கொடுத்து ஃபாண்டை இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு சோர்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தபடி "எஸ்ஹெச் டெபியன்/டெஸ்ட்ஸ்/தமிழ்-ஃபாண்ட்" என்று கொடுங்கள். திரையில் எதுவும் வராது, அது சரிதான். அடுத்து "எக்கோ $?" என்று கொடுங்கள். 0 என்று வந்தால் வெற்றி.

இதோடு நிறுத்தி விடாதீர்கள். "சூடோ ஆப்ட் ரிமூவ் ஃபாண்ட்ஸ்-லோஹித்-டாம்ல்" என்று கொடுத்து ஃபாண்டை நீக்கிவிட்டு அதே டெஸ்டை மறுபடி இயக்குங்கள். இப்போது 1 என்று வர வேண்டும். திருடன் வரும்போது குரைக்காத நாயை வீட்டில் வைத்து என்ன பயன்? தோற்க வேண்டிய இடத்தில் தோற்கிறதா என்று பார்த்த பிறகுதான் டெஸ்டை நம்பலாம்.

இனி முறையாக இயக்குவோம்: "சூடோ ஆட்டோபிகேஜிடெஸ்ட் -பி . -- நல்". இதில் "பி" மட்டும் பெரிய எழுத்து. பேக்கேஜைப் புதிதாகத் தயாரிக்காமல் சர்வரில் உள்ளதையே எடுத்துக்கொள் என்று பொருள். புள்ளி என்பது இந்த ஃபோல்டர். "நல்" என்றால் இதே கம்ப்யூட்டரில் இயக்கு என்று பொருள். முடிவில் டெஸ்டின் பெயருக்கு எதிரே "பாஸ்" அல்லது "ஃபெயில்" என்று வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நல்" முறையில் டெஸ்டுகள் உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். நம் டெஸ்ட் பட்டியலைப் படிக்க மட்டும் செய்வதால் ஆபத்தில்லை. மற்றவர்களின் டெஸ்டுகள் ஃபைல்களை மாற்றலாம், சர்வீஸ்களை நிறுத்தலாம். அவற்றை க்யூஎமு போன்ற விர்ச்சுவல் மெஷினில் இயக்குவதே நல்லது. அங்கே எல்லாமே புதிதாக இருக்கும். நீங்கள் என்றோ இன்ஸ்டால் செய்த ஒன்று முடிவைக் கெடுக்காது.

இன்னொன்று: ஸ்கிரிப்ட் ஏதாவது எரர் மெசேஜ் வெளியிட்டால், 0 வந்தாலும் ஆட்டோபிகேஜிடெஸ்ட் அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளும். காரணம் தெரியாமல் ஃபெயில் வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

இதனால் என்ன பயன்?

டெபியனில் புதிய பேக்கேஜ் முதலில் "அன்ஸ்டேபிள்" பிரிவில் நுழைகிறது. அங்கிருந்து "டெஸ்டிங்", பிறகு "ஸ்டேபிள்". டெபியனின் சோதனைச் சர்வர்கள் புதிதாக வந்த பேக்கேஜை மட்டுமல்ல, அதைச் சார்ந்தவற்றின் டெஸ்டுகளையும் இயக்குகின்றன. நாளை ஃபாண்ட்கான்ஃபிக்கின் புதிய பதிப்பு வருகிறது, அதில் தமிழ் ஃபாண்ட் தெரியாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ட்ரோல் ஃபைலில் ஃபாண்ட்கான்ஃபிக் பெயரை எழுதியிருக்கிறோம் அல்லவா? அதனால் நம் டெஸ்டும் ஓடும், தோற்கும். இதுவரை தேறி வந்த டெஸ்ட் தோற்றால் அந்தப் புதிய பதிப்பு டெஸ்டிங் பிரிவுக்குள் போகாமல் நிறுத்தப்படும்.

அந்தப் பேக்கேஜைப் பராமரிப்பவர் ஜெர்மனியிலோ பிரேசிலிலோ இருக்கலாம். தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அவர் கண்ணில் படவே படாது. கம்பத்தில் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்புகிறவர் கண்ணில்தான் படும். அதற்குள் தவறு எல்லோர் கம்ப்யூட்டருக்கும் வந்து சேர்ந்திருக்கும். தமிழ் தெரிந்த ஒருவர் எழுதும் டெஸ்ட் அந்தத் தவறை முன்பே மடக்கி விடுகிறது. எனவேதான் இதை மற்றவர்கள் செய்வார்கள் என்று நாம் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

எப்படி அனுப்புவது?

1. "ரிப்போர்ட்பக்" என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்யுங்கள். டெபியனில் பிழைகளைத் தெரிவிக்கும் கருவி இது. பேக்கேஜ் பெயரைக் கொடுத்து இயக்கினால் கேள்விகள் கேட்கும்.

2. எவ்வளவு தீவிரம் என்று கேட்கும்போது "விஷ்லிஸ்ட்" என்பதைத் தேர்வு செய்யுங்கள். குறிச்சொல் கேட்டால் "பேட்ச்".

3. இரண்டு ஃபைல்களையும் இணைத்து, எளிய ஆங்கிலத்தில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: டெஸ்ட் எதைப் பார்க்கிறது, எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தீர்கள், ஃபாண்டை நீக்கியபோது தோற்றதா. இலக்கண ஆங்கிலம் தேவையில்லை.

4. நம்முடையது போல மேலோட்டமாகப் பார்க்கும் டெஸ்ட் என்றால், கண்ட்ரோல் ஃபைலில் "ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்: சூப்பர்ஃபிஷியல்" என்று மூன்றாவது வரி சேர்ப்பது நேர்மை. தேறினால் அதற்கு மதிப்பு குறைவு. தோற்றால் மற்ற தோல்விகளைப் போலவே கணக்கில் வரும்.

பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். திருத்தம் கேட்டால் திருத்தி அனுப்புங்கள். அது மறுப்பு அல்ல.

நேரில் கற்க விரும்புகிறவர்களுக்கும் நம் பக்கத்தில் வழி இருக்கிறது. சென்னையில் லினக்ஸ் பயனாளர் குழு 1998-ல் தொடங்கியது. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே குமுளி மலைக்கு அப்பால் கொச்சியில் நடந்தது.

பயிற்சி: உங்கள் கம்ப்யூட்டரில் வேறு எந்தெந்தத் தமிழ் ஃபாண்ட்கள் உள்ளன என்று எஃப்சி-லிஸ்ட் கட்டளை கொண்டு பாருங்கள். அவற்றில் ஒன்றின் சோர்ஸை எடுத்து, "டெஸ்ட்ஸ்" ஃபோல்டர் இல்லாவிட்டால் இதே இரண்டு ஃபைல்களைப் பெயர் மாற்றி எழுதுங்கள். நீக்கிவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க மறக்காதீர்கள்.