மலைநகரும் மக்கள் நினைவும்

நுழையும்முன்

எந்த ஊரும் ஒரே நாளில் தோன்றிவிடுவதில்லை. ஆயினும், சில ஊர்களின் வரலாறு ஒரு தனிமனிதரின் பெயரோடு தொடங்குகிறது. அவர் வருமுன் அங்கு வாழ்ந்தோர் யாவர்? நகரை எழுப்ப உழைத்தோர் யாவர்? உதகமண்டலத்தை உருவாக்கியவர் எனப் போற்றப்படும் ஜான் சல்லிவனின் வாழ்வு இவ்வினாக்களை எழுப்புகிறது.

சமவெளியின் ஆட்சியர்

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்குநாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் பெரும்பகுதியும் நீலகிரி மலையும் அதில் அடங்கியிருந்தன. இம்மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றியவர் ஜான் சல்லிவன். 1788-இல் இலண்டனில் பிறந்த அவர், இளம் வயதிலேயே கம்பெனியின் பணியில் சேர்ந்து தமிழகம் வந்தவர்.

1818-இல் அவருடைய உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ஆகிய இருவரும் நீலகிரிக்குச் சென்று திரும்பினர். மலையின் குளிர்ச்சியையும் வளத்தையும் அவர்கள் எடுத்துரைத்தனர். அதனைக் கேட்ட சல்லிவன், 1819 சனவரியில் தாமே மலையேறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை அமைக்க ஏற்பாடு செய்தார். கைதிகளும் கூலித்தொழிலாளரும் அடர்ந்த காட்டையும் பாறைகளையும் வெட்டி உருவாக்கிய அப்பாதை 1823-இல் நிறைவுற்றது. பாதையை அமைக்கச் செய்தவரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

நகரின் தோற்றம்

1822-இல் சல்லிவன் உதகையில் ஒரு கல்வீட்டைக் கட்டத் தொடங்கினார். அங்கு எழுந்த முதல் ஐரோப்பியர் இல்லம் அதுவே. 'கல் பங்களா' என மக்கள் அழைத்த அக்கட்டடம் இன்று அரசு கலைக்கல்லூரி வளாகத்தில் உள்ளது. ஓடைகளைத் தேக்கி ஏரி அமைத்தலும் அவர் முயற்சியே. ஐரோப்பியக் காய்கறிகள், பழமரங்கள் முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தார். நோயுற்ற படைவீரர்கள் உடல்தேறுவதற்கு உரிய இடம் இதுவென அரசுக்கு எடுத்துரைத்தார். காலப்போக்கில் உதகை, சென்னை மாகாணத்தின் கோடைகாலத் தலைநகராகவே உயர்ந்தது.

அவர்க்கு முன்னிருந்தோர்

சல்லிவன் நீலகிரியைக் 'கண்டுபிடித்தார்' என்று கூறுவது வழக்கம். அச்சொல் பொருந்துமா? தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோர் அங்கு வழிவழியாக வாழ்ந்துவந்தனர். எருமை மேய்த்தல், மண்கலமும் இரும்புக் கருவிகளும் செய்தல், வேளாண்மை, தேன் எடுத்தல் எனத் தொழில் பகிர்ந்து ஒருவரோடொருவர் உறவு பூண்டிருந்தனர். 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த போசளர் கல்வெட்டு தோடர்களைக் குறிப்பிடுகிறது. 1603-இல் ஏசுசபைத் துறவி ஒருவர் அம்மலைக்கு வந்துசென்றார். 1812-இல் கம்பெனியின் நில அளவையாளர்களும் மலையேறினர். ஆகவே, சல்லிவன் மலையைக் கண்டுபிடித்தவர் அல்லர். அங்கே ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடங்கிவைத்தவர்.

நிலம் யாருடையது?

சல்லிவனைக் குறித்த விவாதத்தின் மையம் நிலமே. தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்னும் விலைக்கு அவர் நிலம் பெற்றார். பரந்த நிலப்பரப்பைத் தம் உடைமையாக்கிக்கொண்டார். மேய்ச்சல் நிலமும் கோயிலும் வாழ்விடமும் ஒன்றாக விளங்கிய ஒரு மக்கள்குழுவிடம், பணத்தைக் கொடுத்து நிலத்தை விலகச் செய்வது நேரிய வாணிகமாகுமா என்பது ஒரு தரப்பினரின் வினா.

மறுதரப்பினர் வேறொன்றைச் சுட்டுவர். அம்மலையின் நிலம் தோடர்களுக்கே உரியது என்றும், அவர்களுக்கு உரிய விலை கொடாமல் எவரும் அதனைப் பெறலாகாது என்றும் அரசிடம் வாதிட்டவர் சல்லிவன். சென்னை ஆளுநர் லஷிங்டன் அக்கருத்தை ஏற்கவில்லை. தோடர்களுக்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டுமே என்பது எதிர்த்தரப்பின் நிலைப்பாடு. முடிவில் அதுவே மேலோங்கியது. இந்தியர்க்கு ஆட்சிப்பணியில் உயர்பதவிகள் தரப்பட வேண்டும் எனவும் சல்லிவன் வலியுறுத்தினார்.

எனவே, அவரிடம் இரு முகங்கள் உள்ளன. உரிமைக்காகப் பேசியவரும் அவரே. அவ்வுரிமை கைமாறுவதற்கு முதல் வாயில் திறந்தவரும் அவரே. அவர்க்குப்பின் தேயிலைத் தோட்டங்களும் தைலமரக் காடுகளும் பரவின. சோலைக்காடுகளும் புல்வெளிகளும் சுருங்கின. அவையனைத்தையும் அவர் ஒருவர்மேல் சுமத்துவது முறையன்று. அவற்றுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை என்பதும் உண்மையன்று.

நினைவும் நீதியும்

1838-இல் மனைவியையும் மகளையும் இழந்த சல்லிவன், அவர்களை உதகையின் புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கம் செய்தார். 1841-இல் இங்கிலாந்து திரும்பி, 1855-இல் மறைந்தார். 2022-இல் உதகையின் 200-ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டபோது அவர்க்கு அங்கே சிலை நிறுவப்பட்டது. சிலை ஒருவரை நினைவூட்டும். அவர் நின்ற மண்ணின் முழுக்கதையையும் சொல்லிவிடாது.

அன்று அதே மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பூரை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்னலாடை நகரான திருப்பூரை நிறுவியவர் இவரென ஒருவரைச் சுட்ட இயலாது. சுற்றுவட்டாரத்தின் கரிசல் பருத்தி, இருப்புப்பாதை, 1932-இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து கொங்குநாட்டுக்கு வந்த மின்சாரம், தொழில்முனைவோரின் துணிவு, பின்னல் பொறியிலும் சாயப்பட்டறையிலும் தையல் கூடத்திலும் உழைக்கும் ஆண்களும் பெண்களும் என எல்லாம் சேர்ந்தே அந்நகர் உருவாயிற்று. அவ்வளர்ச்சிக்கு நொய்யலாறு கொடுத்த விலையும் அவ்வரலாற்றில் அடங்கும். உதகைக்கும் இவ்வுண்மை பொருந்தும். தொடங்கிவைத்தவரை மறவாதிருத்தல் நன்றியுணர்வு. இழந்தவரையும் உழைத்தவரையும் அவரோடு சேர்த்து நினைத்தலே வரலாற்று நீதி.

கற்பவை கற்றபின்

1. 'சல்லிவன் உதகையின் தந்தை' என்னும் கூற்றுக்குச் சார்பாகவும் எதிராகவும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் ஊரின் தெரு, குளம், சந்தை ஆகியவற்றின் பெயர்க்காரணங்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.
3. உங்கள் ஊர் உருவாக உழைத்தும் பெயர் பொறிக்கப்படாத தொழிலாளர் குறித்து ஒருபக்கக் கட்டுரை எழுதுக.