மீசை வைத்த 'அவள்'

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பிரெஞ்சுச் சிறுகதையின் தமிழாக்கத்தைப் படித்தேன். நடை சரளமாக வந்திருக்கிறது. ஆனால் கோட்டை வாசலில் நின்ற காவல்காரனைப் பெண்ணாக்கிவிட்டாய்!

காவலாளைச் சுட்டும் 'சாந்தினெல்' பெண்பால் சொல். அதனால் அடுத்த வரியில் 'எல்', அதாவது 'அவள்', வருகிறது. தாடிக்காரச் சிப்பாய் நின்றாலும் அங்கே 'எல்'தான். பலியானவரைச் சுட்டும் 'விக்தீம்', ஆளைச் சுட்டும் 'பெர்சொன்' இரண்டும் அப்படியே. அந்தப் பால் சொல்லுக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. நமக்கோ மேசையும் நாற்காலியும் அஃறிணை. அதோடு விஷயம் முடிந்தது. ஆனால் ஆள் வந்துவிட்டால் வினைமுற்று விடாது. ஆகவே கதையைக் கடைசிவரை படித்து, ஆள் யாரென்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் 'நின்றான்', 'நின்றாள்' என்று எழுது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் 'நின்றார்' போட்டுத் தப்பிக்கும் பழக்கம் வேண்டாம். திருடனுக்கும் மரியாதை கூடிவிடும்.

இன்னொரு இடம், 'ஸா மேன்'. கை என்ற சொல் பெண்பால் என்பதால்தான் அந்த 'ஸா'. கை யாருடையது என்பதைப் பற்றி அது மூச்சே விடாது. நீ 'அவளுடைய கை' என்று எழுதியிருக்கிறாய். மூன்று வரி தள்ளி அந்தக் கை மீசையை முறுக்குகிறது.

ஆங்கிலப் பதிப்பை வைத்துச் சரிபார்த்திருக்கிறாய் என்று தெரிகிறது. அதுதான் உன்னைக் கவிழ்க்கும். ஆங்கிலத்து 'கசின்' ஆணா பெண்ணா என்று சொல்லாது. பிரெஞ்சுக்காரர் 'கூஸேன்', 'கூஸீன்' என்று பிரித்துச் சொல்லிவிடுவார். நமக்கு அதுவும் போதாது. அத்தை மகளா, சித்தி மகளா, மூத்தவளா, இளையவளா என்று தெரிய வேண்டும். 'அமி' விஷயத்தில் இன்னும் கவனம்: தோழனும் தோழியும் காதுக்கு ஒன்றே, எழுத்தில் கடைசியில் ஒரு 'e' மட்டும் கூடும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூலத்தைப் பார்.

பதவிப் பெயர்களில் காலத்தையும் கவனி. ஆங்கிலப் பத்திரிகைகள் பல 'ஆக்ட்ரஸ்' வேண்டாம், எல்லோரும் 'ஆக்டர்' என்று பால் அடையாளத்தைக் கழற்றின. பிரெஞ்சுப் பெண்கள் கேட்டது நேரெதிர்: அடையாளம் வேண்டும் என்று. கியூபெக் 1979லேயே அதற்கு வழிவிட்டது. பிரெஞ்சு அகாதெமி முரண்டு பிடித்து 2019இல்தான் இறங்கிவந்தது. முன்பெல்லாம் 'அம்பாஸத்ரீஸ்' என்றால் பெரும்பாலும் தூதரின் மனைவி. 1782இல் லக்லோ எழுதிய நாவலில் வரும் 'பிரெசிதாந்த்' தூர்வெல், நீதிபதியின் மனைவி. அவளைத் 'தலைவி' ஆக்கினால் கதையே திசைமாறிவிடும்.

ஆன் கரேத்தாவின் 'ஸ்பிங்க்ஸ்' (1986) நாவலைக் கட்டாயம் படி. கதைசொல்லியும் காதலுக்குரியவரும் ஆணா பெண்ணா என்று கடைசிவரை தெரியாது. 'நான் போனேன்' என்பதன் பேச்சுவழக்கு வடிவம் பிரெஞ்சில் எழுத்திலேயே பாலைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அவர் வேறு இறந்தகாலங்களைத் தேர்ந்தார். நமக்குப் 'போனேன்' இலவசம்; சிக்கல் காதலுக்குரியவரிடம்தான். படுக்கையறையில் 'அவர்' எத்தனை பக்கம் தாங்கும்? எழுவாயை விழுங்கு, 'போனதும்', 'சிரித்தபடி' என்று எச்சங்களில் வாக்கியத்தை ஓட்டு. அந்த நாவலில் ஒரே ஒரு பக்கம் அப்படிச் செய்து பார்த்து, சிறுகதையின் திருத்தப் பிரதியோடு அனுப்பு. மூலப் பக்கங்களையும் மறக்காமல் சேர்த்து வை.

அன்புடன்,
அண்ணன்