வைத்தியசாலையில் மின் சிக்கனம்

ஐயாயிரம் பேருக்கு அப்பம் அளித்த பின், மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு ஆண்டவர் சீடரைப் பணித்தார் (யோவான் 6). அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவரே சிக்கனத்தையும் கற்பித்தார். தாராளமும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இப்பாடத்தை வைத்தியசாலைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

நோயாளர் படுத்திருக்கும் இடத்தில் மின்சாரக் கணக்குப் பார்ப்பதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது. டீசலுக்கும் மருந்துக்கும் ஒருங்கே தட்டுப்பாடு. மின்பிறப்பாக்கியை நம்பியிருக்கும் வேளையில், ஆளில்லா அறையில் எரியும் விளக்கு நோயாளரின் பங்கையே உண்கிறது.

குறைக்கலாகாதவை

தடுப்பூசி மருந்துகள் பலவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக் கருவிகளை நீராவியால் தொற்றுநீக்க 121 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவி ஒரு கணமும் நிற்கலாகாது. இவற்றில் கைவைப்பது சிக்கனமன்று, அநீதி.

குறைக்கக் கூடியவை

1. விளக்கு: பழைய 60 வாட் மின்குமிழின் ஒளியை எல்.ஈ.டி. குமிழ் ஏறக்குறைய 9 வாட்டில் தருகிறது. இரவு முழுதும் எரியும் நடைபாதைகளில் இதன் பயன் பெரிது.

2. விசிறி: சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் காற்றூட்டும் பெருவிசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால், அதற்கு வேண்டிய மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிறது. கூடம் வெறுமையாயிருக்கும் இரவில், தூய காற்றின் அழுத்தம் குன்றாதவாறு வேகத்தைத் தணிக்கலாம்.

3. யன்னல்: பேரு நாட்டின் லீமா நகரில் 8 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று. யன்னல் கதவுகளைத் திறந்தபோது அறைக்காற்று மணிக்கு 28 தடவை மாறியது. இயந்திரக் காற்றோட்டத்துக்கு விதித்த அளவோ 12 தடவைதான். உயர்ந்த கூரையும் அகன்ற யன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் அது 40 தடவை! காசநோய் போன்ற தொற்றைத் தடுக்க இது உதவும். நம் முன்னோர் கட்டிய விடுதிகளின் யன்னல்களைப் பலகையடித்து மூடுமுன் சிந்திப்பது நன்று.

நமது கடமை

பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், தேவையற்ற விளக்கை அணைப்பதையும் படைப்பைப் பேணும் அன்புச் செயல்களுள் ஒன்றாக எண்ணினார். நோயாளரைப் பார்க்கச் செல்லும்போது, குளிரூட்டிய அறையின் கதவைச் சாத்துங்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவென்று எந்தக் கருவியின் செருகியையும் கழற்றாதீர்கள், தாதியரைக் கேளுங்கள். நோயுற்றோருக்குச் செய்வதைத் தமக்கே செய்ததாக ஏற்கும் ஆண்டவர், அவர்களுக்காக நாம் மீதப்படுத்துவதையும் ஏற்பார்.

குடும்பத்தில் சிந்திக்க: நம் வீட்டில் வீணாகும் எது, பிறர் ஒருவரின் தேவையாக இருக்கக்கூடும்?