செருக்கைக் கரைக்கும் மானஸ்தம்பம்

நம் கோயில்களில் கொடிமரத்தடியில் விழுந்து வணங்கிவிட்டுத்தானே உள்ளே போகிறோம்? திகம்பர சமண ஆலயங்களில் ஏறக்குறைய அதே இடத்தில் ஓங்கி நிற்கும் தூணுக்கு 'மானஸ்தம்பம்' என்று பெயர். இது கொடி ஏற்றுவதற்கான தூண் அல்ல. மானம் என்றதும் நமக்குத் தன்மானம் நினைவுக்கு வரும். சமணத்தில் அது செருக்கு. கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை என்று உயிரைக் கட்டிப்போடும் நான்கில் ஒன்று.

தூணின் உச்சியில் ஒரு சிறு மண்டபம். அதில் நான்கு திசையும் நோக்கியபடி தீர்த்தங்கரர் திருவுருவங்கள். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அண்ணாந்துதான் தரிசிக்க வேண்டும்!

மகாவீரர் உபதேசித்த சமவசரணம் என்னும் தெய்வச் சபையின் நான்கு திசைகளிலும் மானஸ்தம்பங்கள் நின்றனவாம். வேதம் கற்ற பெரும் பண்டிதர் இந்திரபூதி கௌதமர், அவரை வாதில் வெல்லும் எண்ணத்துடன் சீடர்கள் சூழ வந்தார். தூணை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், வாதமே எழவில்லை. அவரே மகாவீரரின் முதல் கணதரராக, அதாவது தலைமைச் சீடராக ஆனார்.

கர்நாடகத்தின் சிரவணபெளகொளாவில், சந்திரகிரி மலையில் பார்சுவநாதர் சந்நிதி முன்பாக 65 அடிக்கும் மேல் உயர்ந்த மானஸ்தம்பத்தைத் தரிசிக்கலாம். மைசூர் மன்னர் சிக்கதேவராஜர் காலத்தில் (1672–1704) புட்டையா என்ற சமண வணிகர் எழுப்பியது.

எதிரே உள்ள விந்தியகிரியில் இன்னொரு வகைத் தூண். உச்சியில் பிரம்மதேவர் என்னும் யட்சன் அமர்வதால் பிரம்மதேவர் தூண் என்பார்கள். கோமடேசுவரரின் பிரம்மாண்டச் சிலையைச் செய்வித்த கங்க நாட்டு அமைச்சர் சாவுண்டராயர் நிறுத்திய தூண் இது. தானம் வழங்கிய இடம் என்பதால் 'தியாகத் தூண்' என்றும் பெயர். அடியில் ஒரு துணியை நுழைத்து இழுத்துவிடலாம் என்பார்கள்.

இந்தத் தூணில் சாவுண்டராயர் பொறித்த கல்வெட்டு இருந்தது. சுமார் 1200-இல் ஹெக்கடே கண்ணன் என்பவர் உச்சிக்கு யட்சன் சிலை செய்து வைத்தார். நல்ல காரியம்தான். ஆனால் அதைச் சொல்லும் இரண்டரை வரிக்காக, மூன்று பக்க எழுத்துகளைச் செதுக்கி அழித்துவிட்டார்! கோமடேசுவரர் எழுந்த விவரம் அதில் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தியாகத் தூணில்தானா இப்படி நடக்க வேண்டும்?

சாவுண்டராயருக்கும் ஒரு பாடம் உண்டு என்கிறது தல வரலாறு. குடம் குடமாய் அவர் ஊற்றிய பால், கோமடேசுவரரின் இடைக்குக் கீழே இறங்கவில்லையாம். ஏழை மூதாட்டி ஒருத்தி சிறு காயின் ஓட்டில் கொண்டுவந்த பால், பாதம் வரை நனைத்து வழிந்தோடியதாம். சந்நிதிக்கு எதிரே இன்னொரு பிரம்மதேவர் தூணின் அடியில், கையில் அந்தக் காயோடு, அவள் கற்சிலையாக கோமடேசுவரரைப் பார்த்தபடி நிற்கிறாள்.