ஈயக் குண்டுக்கு பவுடர் கோட்டிங்: அக்காவின் டிப்ஸ்

தூண்டிலும் கையுமாகத் திரியும் தம்பி, தங்கைகளே! தூண்டில் முள்ளோடு சேர்ந்த ஈயக் குண்டான ஜிக் ஹெட்டை வீட்டிலேயே வார்க்கிறீர்களா? அதற்கு நிறம் ஏற்ற பவுடர் கோட்டிங்தான் சரி. சாதாரண பெயின்ட்டைவிட நன்றாகப் பிடித்து நிற்கும். ஆனால் கையில் இருப்பது ஈயம் என்பது எப்போதும் நினைவிருக்கட்டும்.

* ஓவன் தனி: பூசிய பவுடரை ஓவனில் வேகவைத்துத்தான் இறுக்க வேண்டும். பழைய ஓ.டி.ஜி. ஓவன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். ஈயம் ஏறிய ஓவன், தட்டு, இடுக்கி எதுவும் திரும்பச் சமையலறைக்குள் வரக்கூடாது.

* ஈயத்தைப் பார்த்து வாங்குங்கள்: சுத்த ஈயம் 327 டிகிரி செல்சியஸில்தான் உருகும். எலக்ட்ரானிக் வேலைக்கான சால்டரிங் ஈயம் 183 டிகிரியிலேயே உருகிவிடும். அதில் வார்த்த குண்டு ஓவனிலேயே ஒழுகக்கூடும். பேட்டரித் தகட்டைத் தொடவே வேண்டாம், அதை உருக்கினால் விஷ வாயு வரும்.

* ஈரம் ஆகாது: உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும். அச்சு காய்ந்திருக்கட்டும், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

* சூட்டின் பதம்: குண்டை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தூண்டில் முள்ளை இடுக்கியால் பிடித்து, ஹீட் கன்னில் சூடாக்கி, பவுடரில் ஒரு நொடி முக்கி எடுங்கள். பவுடர் ஒட்டாமல் உதிர்ந்தால் சூடு போதவில்லை. கட்டி கட்டியாக அப்பிக்கொண்டால் சூடு அதிகம். பவுடர் தூசி எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் நெருப்பு கூடாது, முகத்தில் மாஸ்க் இருக்கட்டும்.

* கண்ணைத் திறந்துவிடுங்கள்: நரம்பு கோக்கும் துளையில் பவுடர் அடைத்திருந்தால், ஓவனில் வைக்கும் முன்பே ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். வெந்து இறுகிய பிறகு பெரும்பாடு.

* வேகவிடுங்கள்: ஒன்றோடொன்று உரசாமல் தொங்கவிட்டு, சுமார் 175 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். பவுடர் டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஓவன் திருகில் உள்ள எண்ணை நம்பாமல், உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

* பல்லால் கடிக்காதீர்கள்: சின்ன ஈயக் குண்டை நரம்பில் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இன்றே விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கோட்டிங் போட்டாலும் உள்ளே இருப்பது ஈயமே. பாறையில் அடிபட்டால் பெயரும். அறுந்து விழுந்த ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால்தான், பிரிட்டனில் 1987-இல் சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனைக்கே தடை வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் ஈயம் கெடுக்கும். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், இந்த வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். டங்ஸ்டன் குண்டு விலை கூடுதல்தான். பரவாயில்லை, அதையே வாங்கிக்கொள்ளுங்கள்.